கிளாஸ் சிவ், ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி, லத்தீன்: ஏ லெவலுக்கு எதை எடுப்பது?

போன நவம்பரில் அக்கா மகள் தன் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்ம் (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்) பாடத்தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பாடங்கள். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் டிக் போட்டாகிவிட்டது. மூன்றாவது கட்டத்தில் கணிதத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. நான்காவதில் ‘கிளாசிக்கல் சிவிலைசேஷன்’ என்ற பாடத்துக்கு எதிரே இன்னொன்று. “சித்தி, அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்” என்றாள். அக்காவுக்கு இருந்தது ஒரே கேள்வி: “கிரேக்கரையும் ரோமரையும் படிச்சு இவ என்ன பண்ணப் போறா?”

அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. இரண்டு வருடப் படிப்பு, அதை வைத்துத்தான் பல்கலைக்கழகம் போகிறாள். அதனால் பாடத்திட்டங்களை இறக்கிப் படித்தேன், பழைய வினாத்தாள்களைப் பார்த்தேன், பள்ளித் திறப்பு மாலைகளில் (ஓப்பன் ஈவினிங்) ஆசிரியர்களிடம் நின்று பேசினேன். இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் வீடுகளுக்கு அது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பண்டைய கிரேக்கம், ரோம் என்றதும் ஒரே பாடம் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஏ லெவலில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பில், நான்கு தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன: கிளாசிக்கல் சிவிலைசேஷன் (பிள்ளைகள் வாயில் ‘கிளாஸ் சிவ்’), ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி, லத்தீன், பண்டைக் கிரேக்க மொழி. நான்குக்கும் தேர்வு நடத்துவது ஓ.சி.ஆர். வாரியம் ஒன்றுதான். நான்குமே முழுக்க எழுத்துத் தேர்வு, கோர்ஸ்வொர்க் கிடையாது. சாதாரண வரலாறு ஏ லெவலிலும் ஆங்கில இலக்கியத்திலும் 20 சதவீத மதிப்பெண் வீட்டிலிருந்து எழுதும் கட்டுரைக்கு இருக்கிறது. இவற்றில் அந்தத் தாங்கல் இல்லை. தேர்வு அறையில் உறைந்துபோகும் பிள்ளை என்றால் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் சிவ் முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். லத்தீனோ கிரேக்கமோ ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜி.சி.எஸ்.இ.யில் (பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு) இதைப் படித்திருக்கவும் தேவையில்லை. மூன்று தாள்கள். ‘வீரனின் உலகம்’ என்ற முதல் தாள் எல்லாருக்கும் கட்டாயம். 2 மணி 20 நிமிடம், 100 மதிப்பெண், மொத்தத்தில் 40 சதவீதம். கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் அல்லது ஒடிசி, இரண்டில் ஒன்று. அதோடு ரோமக் கவி வர்ஜிலின் ஈனியட். மற்ற இரண்டு தாள்களும் தலா 1 மணி 45 நிமிடம், 75 மதிப்பெண், 30 சதவீதம்.

இந்த முதல் தாளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இலியட்டின் கடைசிப் பகுதி, 24-ஆம் காண்டம். ட்ராய் நகரத்துக் கிழ அரசன் பிரியாம், இரவில் எதிரிப் பாசறைக்குள் போகிறான். அவன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸின் கூடாரம் அது. உடலைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்க வந்தவன், முழந்தாளைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறான். பிறகு இருவரும் அழுகிறார்கள். ஒருவன் மகனை நினைத்து, இன்னொருவன் ஊரில் இருக்கும் தகப்பனையும் இறந்துபோன நண்பனையும் நினைத்து. தேர்வில் இப்படி ஒரு பத்தியை அச்சடித்துக் கொடுத்து, இதில் ஹோமர் நம் மனதை எப்படி அசைக்கிறார் என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். ‘பாவமாக இருக்கிறது’ என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. எந்தச் சொல், எந்த உவமை, யார் முதலில் பேசுகிறார், யார் மௌனமாக இருக்கிறார் என்று காட்ட வேண்டும். அப்புறம் 20 மதிப்பெண்ணுக்கும் 30 மதிப்பெண்ணுக்கும் கட்டுரைகள். 30 மதிப்பெண் கட்டுரையில் இன்றைய அறிஞர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து வாதிட வேண்டும்.

இது சுலபமான பாடம் என்று சிலர் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். மொழி படிக்க வேண்டாம் என்பதால் வந்த பேச்சு அது. இரண்டு காவியங்களை வரிசை மாறாமல் மனதில் வைத்துக்கொண்டு, கையில் புத்தகம் இல்லாமல் மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுவதைச் சுலபம் என்று என்னால் சொல்ல முடியாது. படிக்க அலுத்துக்கொள்ளும் பிள்ளையை ‘மார்க் வரும்’ என்ற நம்பிக்கையில் இதில் சேர்த்தால் கஷ்டம்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ‘கிளியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் புரியவைக்க ஆசிரியர்கள் மெனக்கெடுகிறார்கள்: செத்த பிறகும் பாட்டில் நிற்கும் புகழ். புறநானூற்றையும் நடுகல்லையும் பற்றிக் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதல்ல. ஒடிசியில் அடிக்கடி வரும் ‘க்செனியா’வும் அப்படித்தான். வாசலில் வந்து நிற்பவனை யார் என்று கேட்பதற்கு முன்பே சாப்பிடச் சொல்வது. ஒற்றைக்கண் பாலிஃபீமஸ் விருந்தாளிக்குச் சோறு போடாமல் விருந்தாளியையே தின்கிறான் என்பது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்று அக்கா மகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்ற இரண்டு தாள்களில்தான் விஷயம் சிக்கலாகிறது. இரண்டாம் தாளுக்கு நான்கு தலைப்புகள்: கிரேக்க நாடகம், ரோமின் முதல் பேரரசன் அகஸ்டஸ் தன்னைப் பேரரசனாகக் காட்டிக்கொண்ட விதம், கிரேக்கர்கள் ‘காட்டுமிராண்டி’ என்ற எண்ணத்தை உருவாக்கிய கதை, கிரேக்கக் கலை. மூன்றாம் தாளுக்கும் நான்கு: கிரேக்க மதம், காதலும் உறவுகளும், ரோமக் குடியரசின் கடைசிக் கால அரசியல், ஏதென்ஸ் மக்களாட்சி. ஒவ்வொன்றிலும் ஒன்று. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது பள்ளி, பிள்ளை அல்ல. பாடத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, சிலை பார்க்கப்போகிறோம் என்று நினைத்திருந்த பிள்ளை, ரோம அரசியல்வாதி சிசரோவின் அரசியலைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். ‘உங்கள் பள்ளியில் எந்தத் தலைப்புகள்?’ என்பதுதான் திறப்பு மாலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கிரேக்க நாடகம் என்றால் சோஃபோக்ளிஸின் ஈடிபஸ் மன்னன், யூரிபிடிஸின் பாக்கே, அரிஸ்டோஃபனிஸின் தவளைகள். ‘காதலும் உறவுகளும்’ என்றால் சாஃபோ, பிளேட்டோ, ஓவிட், செனிகா. ஒருபால் காதல், ஆண் பெண் உறவு எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வகுப்பில் பேசப்படும். வீட்டில் இதற்குத் தயாராக இருப்பது நல்லது. நான் பார்த்தவரை பிள்ளைகள் பெற்றோரைவிட நிதானமாகத்தான் இதை எடுத்துக்கொள்கிறார்கள்.

லண்டனிலோ பக்கத்திலோ இருப்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு அகஸ்டஸ் பற்றியது. கவிதை, சிலை, கட்டடம், நாணயம் எல்லாவற்றையும் வைத்து ஒரு மனிதன் தன் முகத்தை எப்படிப் பேரரசு முழுக்கப் பரப்பினான் என்பது பாடம். நாணயத்தில் பேரரசன் தலை இருப்பது வெறும் அலங்காரம் அல்ல, அது பார்க்கிறவனிடம் ஏதோ சொல்கிறது என்று வகுப்பில் படிப்பார்கள். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமத் தங்கக் காசுகள். அந்தப் புதையலிலிருந்து வந்த காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது, வேண்டுமென்றே. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள், இனி அது பணமாகப் புழங்கக் கூடாது என்று ரத்து செய்ததாகத்தான் பலர் கருதுகிறார்கள். ரோமில் அந்த முகம் அதிகாரம். நம் ஊரில் அது எடை பார்த்து வாங்கிய தங்கம். இந்த ஒரு காசை வைத்தே அந்தத் தாளின் மையக் கேள்வியை ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிடலாம். கிரேக்கக் கலை எடுக்கும் பள்ளி என்றாலும் அதே மியூசியத்தின் 18-ஆம் அறையில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்கள் இருக்கின்றன. நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கும் குதிரையின் நரம்பை நேரில் ஓரடி தூரத்தில் பார்க்கலாம்.

சரி, ஏன்ஷியன்ட் ஹிஸ்டரிக்கு வருவோம். கதையும் கவிதையும் வேண்டாம், உண்மையில் என்ன நடந்தது என்பதுதான் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. இந்தப் பாடம் அவர்களுக்கு. இரண்டே தாள்கள், தலா 2 மணி 30 நிமிடம், 98 மதிப்பெண், சரிபாதி. கிரேக்கத் தாளில் கி.மு. 492 முதல் 404 வரை: பாரசீகப் படையெடுப்பில் தொடங்கி, ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் விழும் வரை. ரோமத் தாளில் கி.மு. 31 முதல் கி.பி. 68 வரை: அகஸ்டஸ், திபேரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று ஐந்து பேரரசர்கள். ஒவ்வொன்றோடும் ஓர் ஆழ்ந்த படிப்பு, ஸ்பார்ட்டா, மாசிடோனியாவின் எழுச்சி, ரோமர் ஆண்ட பிரிட்டன் போன்றவற்றில் ஒன்று. இதையும் பள்ளிதான் முடிவு செய்கிறது.

இங்கே வேலை வேறு மாதிரி. கி.பி. 64-ல் ரோம் எரிந்தபோது நீரோ பாடிக்கொண்டிருந்தானா? ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் ‘பாடினான், தீ வைத்ததும் அவன்தான்’ என்று நடந்த உண்மையாகவே எழுதுகிறார். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸோ, தீப்பிடித்தபோது நீரோ ஆன்ட்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான், பாடியதாக ஒரு வதந்தி பரவியது என்கிறார். இருவரும் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர்கள். யாரை நம்புவது, எந்த அளவுக்கு? 12 மதிப்பெண் கேள்வி ஒன்று இப்படிச் சான்றுகளை எடைபோடுவதற்கே இருக்கிறது. 20 மதிப்பெண் கேள்வி, இன்றைய வரலாற்றாசிரியர் ஒருவரின் கருத்தைக் கொடுத்து அதைச் சோதிக்கச் சொல்லும். மீதி 30, 36 மதிப்பெண் கட்டுரைகள். கிரேக்கப் பக்கத்தில், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரின் வரலாற்றை எழுதிய தூசிடிடீஸைப் படிக்கும்போது அவரே அந்தப் போரில் தளபதியாக இருந்தவர், ஆம்ஃபிபோலிஸைக் காப்பாற்ற முடியாததால் நாடு கடத்தப்பட்டவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். வாட்ஸாப்பில் வரும் செய்தியை ‘யார் சொன்னது?’ என்று கேட்கும் பழக்கம் இருக்கும் பிள்ளை இதில் நன்றாக வரும். ஆண்டுகளும் பெயர்களும் நிறைய. மனப்பாடம் கொஞ்சம் கூடுதல். சட்டம், அரசியல், இதழியல் பக்கம் மனம் இருப்பவர்களுக்கு நான் கிளாஸ் சிவை விட இதைத்தான் முதலில் சொல்வேன். நடக்கும் பள்ளிகள்தான் குறைவு.

லத்தீனைப் பற்றி மனசில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஜி.சி.எஸ்.இ.யில் லத்தீன் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத்தான் ஏ லெவல் லத்தீன். பதினாறு வயதில் புதிதாகத் தொடங்க வழி அநேகமாக இல்லை. முன்பின் பார்க்காத பத்தியை மொழிபெயர்ப்பதற்கே 33 சதவீதம். லத்தீனில் எழுதுவது அல்லது பத்தியைப் புரிந்து பதில் சொல்வது 17. உரைநடைக்கும் கவிதைக்கும் தலா 25. வாரத்தில் ஒரு நாள் விட்டாலும் இலக்கணம் நழுவிவிடும். அதோடு பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில்தான் கிடைக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு லத்தீனைக் கொண்டுபோக 2022-ல் தொடங்கிய அரசுத் திட்டத்துக்கு 2025 பிப்ரவரியோடு நிதி நிறுத்தப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பண்டைக் கிரேக்க மொழி இன்னும் அரிது, பள்ளியில் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

மொழி படிக்காமல் போனால் என்ன இழப்பு? ஒடிசியின் முதல் வரியிலேயே கதாநாயகனுக்கு ஓர் அடைமொழி வருகிறது: ‘பாலிட்ரோபோஸ்’. பல திருப்பங்கள் உடையவன் என்பது நேர்ப்பொருள். பல வழி அலைந்தவன் என்றும் கொள்ளலாம், பல தந்திரம் தெரிந்தவன் என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2017-ல் எமிலி வில்சன் ‘சிக்கலானவன்’ என்ற பொருளில் ஒரு சாதாரணச் சொல்லைப் போட்டார், அதைப் பற்றி அவ்வளவு பேச்சு எழுந்தது. கிரேக்கம் தெரிந்தவருக்கு மூன்று பொருளும் ஒன்றாகக் கேட்கும், மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு ஒன்றுதான். குறளை ஆங்கிலத்தில் மட்டும் படித்தவரோடு பேசியிருந்தால் இந்த இழப்பு நமக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும், ஒன்றுமே படிக்காமல் இருப்பதற்கு மொழிபெயர்ப்பில் படிப்பது எவ்வளவோ மேல்.

மொழியை ஏ லெவலில் விட்டதாலேயே வாய்ப்பு போய்விடுவதும் இல்லை. கேம்பிரிட்ஜில் லத்தீன் ஏ லெவல் இல்லாமல் கிளாசிக்ஸ் படிக்க வருபவர்களுக்கென்று நான்கு வருடப் படிப்பே இருக்கிறது, முதல் வருடம் லத்தீன் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்டிலும் பள்ளியில் மொழி படிக்காதவர்களுக்குத் தனி வழி உண்டு. ‘என் பள்ளியில் லத்தீன் இல்லை, அதனால் எனக்கு இந்தத் துறை இல்லை’ என்று எந்தப் பிள்ளையும் ஒதுங்க வேண்டாம்.

இப்போது அக்காவின் கேள்வி. பல்கலைக்கழக விண்ணப்பப் புள்ளிக் கணக்கில் எல்லா ஏ லெவலும் சமம்தான். கிளாஸ் சிவில் வாங்கும் ஏ கிரேடுக்கும் கணிதத்தில் வாங்கும் ஏ கிரேடுக்கும் 48 புள்ளிதான். ஆனால் படிப்புக்குப் படிப்பு என்ன பாடம் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். சட்டத்துக்குக் குறிப்பிட்ட பாடம் எதையும் பொதுவாகக் கேட்பதில்லை, கட்டுரை எழுதும் பாடம் ஒன்று இருந்தால் கை பழகும். பொறியியலுக்குக் கணிதமும் பெரும்பாலும் இயற்பியலும் தவிர்க்க முடியாதவை, மூன்றாவதில்தான் இடம் இருக்கிறது. மருத்துவத்துக்கு வேதியியலும் உயிரியலும் இருந்தால் பல கல்லூரிகளில் மூன்றாவது எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று அறிவியல், கணிதப் பாடங்களோடுதான் வருகிறார்கள். அங்கே குறி வைத்தால் மூன்றாவதாகக் கணிதமே பாதுகாப்பு. வரலாற்றுப் பட்டம் படிக்க ஆசைப்பட்டால், வரலாறு ஏ லெவலுக்குப் பதிலாக ஏன்ஷியன்ட் ஹிஸ்டரியை ஏற்றுக்கொள்வார்களா என்பதை அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் உடனே சம்மதிக்கவில்லை. “மூணாவது பாடம் எதுவா இருந்தாலும் சரிங்கிறே. அப்போ அது ஏன் மேத்ஸா இருக்கக் கூடாது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கணிதம் உன் மகளுக்கு வருகிறது, பிடிக்கவும் செய்கிறது என்றால் கணிதமே எடுக்கட்டும் என்றேன். ஆனால் வேதியியல், உயிரியல் இரண்டிலும் விடை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதைப் போய்ச் சேர வேண்டும். முன்னால் இருக்கும் மனிதர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனிக்கும் பயிற்சி அவற்றில் இல்லை. ஒரு டாக்டருக்கு அது வேண்டும். மகனின் உடலைக் கேட்டு வந்து நிற்கும் கிழவனின் பேச்சை வரிவரியாகப் படித்தவள் அதைக் கொஞ்சமாவது பழகியிருப்பாள். இதை நான் மனதார நம்புகிறேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முடிவு செய்யுமுன் பிள்ளையை ஒரு வாரயிறுதி உட்காரவைத்து ஒடிசியின் 9-ஆம் காண்டத்தையும் ஈனியட்டின் 2-ஆம் காண்டத்தையும் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் பாலிஃபீமஸின் குகை. மற்றதில் ட்ராய் எரியும்போது ஈனியாஸ் தகப்பனைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். பின்னால் வந்த மனைவி இருட்டில் தொலைந்துபோகிறாள். ஊரை விட்டு ஓடி வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை. அதைப் படித்துவிட்டு மேலே என்ன ஆச்சு என்று பிள்ளை கேட்டால் கிளாஸ் சிவ். இது உண்மையா, யார் எழுதிவைத்தது என்று கேட்டால் ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி. பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிட்டால் இரண்டும் வேண்டாம், வற்புறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு, ஈனியாஸின் மனைவியைத் திரும்பப் போய்த் தேடினார்களா என்று கேட்டு எனக்கு மெசேஜ் வந்தது.

பள்ளியிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. ஆள் குறைந்தால் வகுப்பை நடத்துவார்களா? சின்னப் பாடங்களை செப்டம்பருக்கு முன் கைவிடுவது உண்டு, அதனால் இதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள். நான்கு பாடத்தோடு தொடங்கி ஒன்றை விட அனுமதிப்பார்களா? அவள் பள்ளியில் இரண்டுக்கும் ஆமாம் என்றார்கள். படிவத்தில் வேதியியல், உயிரியல், கணிதம், கிளாஸ் சிவ் என்று நான்கையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எதை விடுவது என்பதை அக்டோபர் அரைப்பருவ விடுமுறைக்குள் அவளும் அக்காவும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.